டிரேடிங் கற்றுக்கொள்ள முடியுமா?

2020 மார்ச்சில் இந்தியாவில் சுமார் 4 கோடி டீமேட் கணக்குகள் இருந்தன. நான்கே ஆண்டுகளில் அது 15 கோடியைத் தாண்டியது. இப்படி வந்தவர்களில் பலர் பங்கு வாங்கி வைத்திருக்க வரவில்லை, அன்றாடம் வாங்கி விற்றுச் சம்பாதிக்க வந்தார்கள். பங்கு, குறியீட்டு எண் ஆகியவற்றின் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் சந்தையில், அதாவது எஃப் அண்டு ஓ-வில், இறங்கிய தனிநபர்கள் 2021-22-ல் சுமார் 51 லட்சம் பேர். 2023-24-ல் சுமார் 96 லட்சம் பேர். அவர்களில் 43 சதவீதம் பேர் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள். நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவர்கள் ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்குக் குறைவு என்று கணக்குத் தொடங்கும்போது எழுதிக் கொடுத்தவர்கள். இத்தனை பேரும் நம்பியது ஒன்றைத்தான்: இது ஒரு தொழில், மற்ற தொழிலைப் போலவே பழகப் பழகக் கைவரும்.

அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்பதைப் பரிசோதிக்கப் போதுமான சான்றுகள் இப்போது இருக்கின்றன. அமெரிக்கா, தைவான், பிரேசில், பின்லாந்து, இந்தியா என்று பல நாடுகளில் லட்சக்கணக்கான கணக்குகளைப் பிரித்துப் பார்த்துவிட்டார்கள். அவற்றை வரிசையாகப் படிக்கும்போது எனக்குத் தெளிவாவது இதுதான். டிரேடிங்கில் சில விஷயங்களை நிச்சயமாகக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் எதைக் கற்க எல்லோரும் ஓடுகிறார்களோ, அதாவது அடுத்து விலை எந்தப் பக்கம் போகும் என்பதை, சந்தை அநேகமாக யாருக்கும் கற்றுத் தருவதில்லை. கற்றுத் தருவதுபோன்ற தோற்றத்தை மட்டும் மிக நன்றாகத் தருகிறது.

'கற்றுத் தரலாம்' என்ற தரப்பின் மிகப் பிரபலமான சாட்சி சிகாகோவில் இருக்கிறது. ரிச்சர்ட் டென்னிஸ் சரக்குச் சந்தையில் சிறு தொகையில் தொடங்கிப் பெருஞ்செல்வம் சேர்த்தவர். அவருடைய கூட்டாளி வில்லியம் எக்ஹார்ட் கணிதம் படித்தவர். நல்ல டிரேடர் பிறக்கிறாரா, உருவாக்கப்படுகிறாரா என்று இருவருக்கும் ஓயாத வழக்கு. தீர்த்துக்கொள்ள 1983-ல் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். விண்ணப்பித்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிலிருந்து இரண்டு தொகுதிகளாக இருபது சொச்சம் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் நடிகரும் உண்டு, விளையாட்டு வடிவமைத்தவரும் உண்டு. முதல் தொகுதிக்கு இரண்டு வாரம் பாடம் நடந்தது. பிறகு டென்னிஸ் தன் பணத்தையே அவர்கள் கையில் கொடுத்தார். 'ஆமைகள்' என்று பெயர் பெற்ற அந்தக் குழுவினரில் பலர் அடுத்த சில ஆண்டுகளில் கோடிக்கணக்கில் சம்பாதித்துக் கொடுத்தார்கள். ஜெர்ரி பார்க்கர் போன்ற சிலர் பின்னாளில் சொந்தமாக நிதி நிறுவனமே தொடங்கினார்கள்.

இந்தக் கதை டிரேடிங் வகுப்பு நடத்துபவர்கள் எல்லோரும் சொல்வது. அவர்கள் சொல்லாமல் விடும் பகுதியில்தான் விஷயம் இருக்கிறது. ஆமைகளுக்குச் சொல்லிக் கொடுத்த நுழைவு விதி மிக எளியது: கடந்த 20 நாட்களின் உச்ச விலையைத் தாண்டினால் வாங்கு. பல ஆண்டுகளாகப் பலருக்கும் தெரிந்திருந்த விதி அது. பாடத்தின் கனமான பகுதி வேறு. ஒரு பொருளின் விலை நாளொன்றுக்கு எவ்வளவு ஆடுகிறது என்று அளந்து, அந்த ஆட்டத்துக்கு ஏற்ப எவ்வளவு வாங்கலாம் என்று கணக்கிட வேண்டும். ஒரே வணிகத்தில் மூலதனத்தின் 2 சதவீதத்துக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பத்தில் ஆறேழு முறை தோற்பது இயல்பு என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரே அறையில் ஒரே விதியைக் கற்றவர்களுக்கும் முடிவுகள் ஒன்றுபோல் வரவில்லை. விதியைப் பின்பற்ற முடியாமல் வெளியேற்றப்பட்டவர்கள் உண்டு. 1988-ல் டென்னிஸ் நிர்வகித்த நிதிகளே பெரும் நஷ்டம் கண்டு, திட்டம் முடிவுக்கு வந்தது. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த மாணவர்கள் பணயம் வைத்தது சொந்தக் காசை அல்ல. வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் அந்தக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டிய நிலையும் அவர்களுக்கு இல்லை. நம் ஊரில் வங்கியில் நகையை வைத்து டிரேடிங் கணக்கில் பணம் போடும் இளைஞனுக்கும் அவர்களுக்கும் இடையில் இருக்கும் தூரம் கொஞ்சமல்ல.

இருபது சொச்சம் பேரின் கதையை விட்டு லட்சம் பேரின் கணக்குக்கு வருவோம். பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடியன் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1991 முதல் 1996 வரை ஒரு அமெரிக்கத் தரகு நிறுவனத்தில் கணக்கு வைத்திருந்த 66,465 குடும்பங்களை ஆராய்ந்தார்கள். அந்தக் காலத்தில் சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் தந்தது. மிக அதிகமாக வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்தது 11.4 சதவீதம். பின்னர் இதே இருவரும் சகாக்களோடு சேர்ந்து தைவான் சந்தையின் தினவணிகர்கள் அனைவரையும் 15 ஆண்டுகளுக்குப் பின்தொடர்ந்தார்கள். செலவு போகத் தொடர்ந்து லாபம் எடுக்கும் திறமை உள்ளவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று அதில் தெரிந்தது. திறமை என்ற ஒன்று இருக்கிறது என்பதற்கு அந்த ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களே ஆதாரம். அதை நான் மறுக்கவில்லை. மற்றவர்கள் அந்த இடத்தை அனுபவத்தால் எட்டினார்களா என்பதுதான் கேள்வி.

பிரேசில் ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. 2013 முதல் 2015 வரை அந்நாட்டுக் குறியீட்டு ஃபியூச்சர்ஸில் தினவணிகம் தொடங்கிய எல்லோரையும் எடுத்துக்கொண்டு, அவர்களில் 300 நாட்களுக்கு மேல் விடாமல் நின்றவர்களைத் தனியே பிரித்தார்கள். விடாமுயற்சி உள்ளவர்கள் இவர்கள்தான். இவர்களில் 97 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருந்தார்கள். குறைந்தபட்சக் கூலியைவிட அதிகம் சம்பாதித்தவர்கள் 1.1 சதவீதம். வங்கிக் கவுண்டரில் புதிதாக வேலைக்குச் சேர்பவரின் சம்பளத்தைத் தாண்டியவர்கள் 0.5 சதவீதம். நாள் கூடக் கூடத் திறமை கூடியதற்கான தடயம் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கவில்லை.

நம் நாட்டுக் கணக்கைப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியே எடுத்தது. 2024 செப்டம்பரில் வெளியான அறிக்கைப்படி, மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்டு ஓ-வில் ஈடுபட்ட 1.13 கோடித் தனிநபர்கள் சேர்ந்து இழந்தது 1.81 லட்சம் கோடி ரூபாய். 93 சதவீதம் பேர் நஷ்டம். செலவெல்லாம் போக ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் லாபம் பார்த்தவர்கள் ஒரு சதவீதம். எனக்கு மிகவும் வேதனை தந்த எண் இவை எதுவும் இல்லை. அடுத்தடுத்து நஷ்டம் கண்ட பிறகும் தொடர்ந்து வணிகம் செய்தவர்கள் 75 சதவீதத்துக்கும் மேல் என்கிறது அந்த அறிக்கை. 2024-25-ல் தனிநபர்களின் நிகர நஷ்டம் முந்தைய ஆண்டின் 74,812 கோடியிலிருந்து 1,05,603 கோடியாக உயர்ந்தது. பாடம் ஏறியிருந்தால் இந்த எண் குறைந்திருக்க வேண்டும்.

ஏன் ஏறவில்லை? இளைஞர்களுக்கு ஒழுக்கம் இல்லை, பேராசை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் காரணத்தின் பெரும்பகுதி சந்தையின் அமைப்பிலேயே இருக்கிறது. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி கிளைனும் 2009-ல் எழுதிய ஒரு கட்டுரை, ஒருவரின் உள்ளுணர்வை எப்போது நம்பலாம் என்று கேட்டது. சூழலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். அந்த ஒழுங்கைப் பிடித்துக்கொள்ள உடனடியான, சரியான பதில் திரும்பத் திரும்பக் கிடைக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால்தான் பயிற்சி திறமையாக மாறும். நாதஸ்வரம் பழகும் பையனுக்கு அபஸ்வரம் விழுந்த கணமே காதில் தெரிந்துவிடும். குருவும் முகம் சுளிப்பார். சந்தையில் தவறாக எடுத்த முடிவுக்கு இன்று பரிசு கிடைக்கும், சரியாக எடுத்த முடிவுக்கு நாளை அடி விழும். எது எதற்காக என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இதை ஓர் எளிய கணக்கில் பார்க்கலாம். ஒருவர் ஆப்ஷன் (குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ தரும் உரிமை) விற்கிறார். பத்து முறையில் ஒன்பது முறை 2,000 ரூபாய் லாபம். ஒரு முறை 25,000 ரூபாய் நஷ்டம். சராசரியாகப் பத்து வணிகத்தில் 18,000 வந்து 25,000 போகும். அதாவது இது 7,000 ரூபாய் நஷ்டத் தொழில். ஆனால் இதே முறையைப் பின்பற்றும் 100 பேரில் சுமார் 35 பேருக்கு முதல் பத்து வணிகமும் லாபமாகவே முடியும். சுமார் 12 பேருக்கு முதல் இருபதும் லாபம். அந்த 12 பேர் 40,000 ரூபாய் சம்பாதித்திருப்பார்கள். தமக்கு வித்தை பிடிபட்டுவிட்டது என்று மனதார நம்புவார்கள். லாட் (ஒப்பந்தத் தொகுதி) எண்ணிக்கையைக் கூட்டுவார்கள். நண்பர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். இவர்களில் சிலர் வகுப்பும் தொடங்கிவிடுவார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. அனுபவமே அவர்களைத் தவறான முடிவுக்குக் கூட்டிச் சென்றது. அந்த ஒரு பெரிய நஷ்டம் வந்து சேரும்போது பத்து லாட் கையில் இருக்கும்.

ஆப்ஷன் வாங்குபவருக்கு இதன் மறுபக்கம். ஒப்பந்தம் முடியும் எக்ஸ்பைரி நாளில் மதியம் இரண்டரை மணிக்கு மேல், 12 ரூபாய்க்கு வாங்கிய நிஃப்டி குறியீட்டின் கால் ஆப்ஷன் (வாங்கும் உரிமை) பத்து நிமிடத்தில் 40 ரூபாய் ஆகும். இன்னும் பத்து நிமிடத்தில் 3 ரூபாய். மூன்றரை மணிக்குப் பூஜ்யம். 40-ல் விற்றவருக்கு அது தன் கணிப்பின் வெற்றி. விற்காதவருக்கு அது 'கொஞ்சம் முன்னாடியே விற்றிருக்கணும்' என்ற பாடம். இரண்டு பேருமே அந்த இருபது நிமிடத்தில் சந்தையைப் பற்றி எதையும் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் கற்றுக்கொண்ட உணர்வு இருவருக்கும் இருக்கும். அடுத்த வார எக்ஸ்பைரிக்கு அந்த உணர்வோடுதான் வருவார்கள்.

செலவைப் பற்றி வகுப்புகளில் பேசுவதே குறைவு என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கிறேன். 75 எண்ணிக்கை கொண்ட ஒரு லாட்டை 100 ரூபாய் பிரீமியத்தில் (ஆப்ஷனின் விலையில்) வாங்கி, அதே விலைக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்றுதான் தோன்றும். தரகு வாங்க 20, விற்க 20. விற்கும்போது எஸ்டிடி என்ற பரிவர்த்தனை வரி, 2024 அக்டோபரில் வந்த 0.1 சதவீத விகிதப்படி, ஏழரை ரூபாய். எக்ஸ்சேஞ்ச் கட்டணம் ஐந்து ரூபாய் சொச்சம். ஜிஎஸ்டி எட்டு ரூபாய். முத்திரைக் கட்டணத்தையும் சேர்த்தால் 61 ரூபாய். வாங்க நிற்கும் விலைக்கும் விற்க நிற்கும் விலைக்கும் இடையே அரை ரூபாய் இடைவெளி இருந்தால் அதில் இன்னொரு 37 ரூபாய் போகும். ஆக ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 100 ரூபாய். நாளுக்கு ஐந்து சுற்று, மாதத்தில் 20 நாள் என்றால் மாதம் 10,000. ஆண்டுக்கு 1,20,000. ஒரு லட்சம் மூலதனத்தோடு வந்தவர் முதலைவிட அதிகமாகச் சம்பாதித்தால்தான் நின்ற இடத்திலேயே நிற்கலாம். மூன்று ஆண்டுகளில் தனிநபர்கள் இப்படிக் கட்டணமாக மட்டும் கொடுத்தது சுமார் 50,000 கோடி என்கிறது செபி. ஒரு சுற்றில் இது சிறு தொகை என்பதால் கண்ணில் படாமல் போய்விடுகிறது.

எதிரே நிற்பவர் யார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஃபியூச்சர்ஸிலும் ஆப்ஷனிலும் ஒருவர் பையிலிருந்து போவதுதான் இன்னொருவர் பைக்கு வருகிறது. 2023-24-ல் கட்டணங்களுக்கு முந்தைய கணக்கில் சொந்தப் பணத்தில் வணிகம் செய்யும் நிறுவனங்கள் 33,000 கோடியும், வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் 28,000 கோடியும் லாபம் பார்த்தன. இந்த லாபத்தில் 96, 97 சதவீதம் கணினி நிரல் வழி வணிகத்தில் வந்தது. திருச்சியிலோ திருப்பூரிலோ மொபைலில் சார்ட் பார்த்து வாங்கும் ஒருவருக்கு அந்தப் பக்கம் விற்பது அநேகமாக ஓர் இயந்திரம். சார்ட்டில் தெரியும் மெழுகுவர்த்தி வடிவங்களை மனப்பாடம் செய்வதால் இந்த ஏற்றத்தாழ்வு தீராது.

இனி, கற்பிப்பவர்கள். நல்லவர்கள் இருக்கிறார்கள். தேசியப் பங்குச் சந்தைகள் நிறுவனமான என்ஐஎஸ்எம் நடத்தும் சான்றிதழ் தேர்வுகளின் பாடநூல்கள் ஒழுங்கானவை, குறைந்த செலவில் படிக்கக்கூடியவை. ஆப்ஷன் விலை எதனால் ஏறுகிறது, நாள் நகர நகர ஏன் தேய்கிறது, மார்ஜின் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதெல்லாம் உண்மையான அறிவு. அதைக் கற்கலாம், கற்க வேண்டும். கோளாறு 'நான் சம்பாதிக்கிறேன், எப்படி என்று சொல்லித் தருகிறேன்' என்ற வாக்கில் தொடங்குகிறது. 2023 அக்டோபரில் செபி பிறப்பித்த ஓர் இடைக்கால ஆணை இதற்கு நல்ல உதாரணம். சார்ட் படிக்கச் சொல்லித் தந்து மாணவர்களிடம் பெருந்தொகை வசூலித்த ஒருவரை 17.2 கோடி ரூபாய் கட்டி வைக்கச் சொன்னது அந்த ஆணை. சமூக ஊடகத்தில் தன் லாபத்தைக் காட்டிவந்த அவர், ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இரண்டரை ஆண்டுகளில் தன் சொந்த வணிகத்தில் ஏறக்குறைய 2.9 கோடி நஷ்டப்பட்டிருந்ததாக செபி கணக்குக் காட்டியது. 2025 ஜனவரியில் வந்த சுற்றறிக்கை, பதிவு பெறாமல் கல்வி மட்டும் தருபவர்கள் கடந்த மூன்று மாதத்து விலைத் தரவைப் பயன்படுத்தக் கூடாது என்றது. நல்ல விதிதான். ஆனால் என் கருத்தில் அதைவிட அவசியமானது, காசு வாங்கி டிரேடிங் கற்பிக்கும் எவரும் தமது மூன்று ஆண்டு நிகரக் கணக்கைத் தணிக்கையாளர் கையெழுத்தோடு மாணவர் முன் வைக்க வேண்டும் என்ற விதி. ஒரு நாள் லாபத்தின் ஸ்கிரீன்ஷாட் எதையும் நிரூபிக்காது.

அப்படியானால் கற்கக்கூடியது என்ன? மூன்று விஷயங்களுக்குச் சான்று இருக்கிறது. நஷ்டத்தை ஒப்புக்கொள்ளும் பழக்கம் அவற்றில் ஒன்று. ஏறிய பங்கை அவசரமாக விற்று, இறங்கிய பங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும் குணத்தை ஓடியன் 10,000 கணக்குகளில் கண்டு 1998-ல் எழுதினார். இது மனிதர் எல்லோருக்கும் உள்ள குணம். ஆனால் அனுபவமும் விவரமும் சேரும்போது நஷ்டத்தில் விற்கும் தயக்கம் மறைகிறது என்று சீன முதலீட்டாளர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு பின்னர் காட்டியது. அடுத்தது அளவு. எவ்வளவு வாங்குவது என்பது கூட்டல் பெருக்கல்தான், அதற்கு ஆரூடம் தேவையில்லை. ஆமைகளுக்கு நிஜமாகச் சொல்லிக் கொடுக்க முடிந்ததும் இதைத்தான்.

மூன்றாவதைப் பற்றி யாரும் பேச விரும்புவதில்லை. பின்லாந்துக் கணக்குகளை ஆராய்ந்த அமித் சேரு, டைலர் ஷம்வே, நோவா ஸ்டாஃப்மன் ஆகிய மூவரும் அனுபவத்தால் வரும் கல்வியை இரண்டாகப் பிரித்தார்கள். வணிகம் செய்யச் செய்ய ஒருவர் மேம்படுவது ஒரு வகை. தனக்கு இது வராது என்று கண்டு நிறுத்திவிடுவது இன்னொரு வகை. மொத்தக் கல்வியில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வகையில்தான் நடக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. டிரேடிங்கை விட்டவர்கள் தோற்றவர்கள், பொறுமையில்லாதவர்கள் என்று பேசும் ஒரு மொழி நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அந்த மொழிதான் பலரை நான்காவது தனிநபர் கடனுக்குத் துரத்துகிறது. 40,000 ரூபாய் இழந்து, கணக்கைக் கூட்டிப் பார்த்து, இது எனக்கு வேண்டாம் என்று இண்டெக்ஸ் ஃபண்டுக்குப் போனவர் பாடத்தை முழுதாகப் படித்து முடித்தவர். அவரை அப்படித்தான் சொல்ல வேண்டும்.

இருந்தாலும் கற்றே தீருவேன் என்பவர் இருப்பார். அவருக்குப் பேப்பர் டிரேடிங், அதாவது பணம் போடாத ஒத்திகை வணிகம், கொஞ்சம்தான் உதவும். பொத்தான்கள் பழகும், பயம் பழகாது. கேட்ட விலைக்கே எல்லாம் கிடைக்கும் என்ற தவறான எண்ணமும் வந்துவிடும். கடனில்லாத, இழந்தாலும் வீடு குலுங்காத தொகையோடு, பங்கை வாங்கி வைத்துக்கொள்ளும் டெலிவரியிலோ ஒற்றை லாட்டிலோ தொடங்குவது மேல். ஒவ்வொரு வணிகத்துக்கும் முன்பே எழுத வேண்டும்: ஏன் வாங்குகிறேன், எந்த விலையில் தவறு என்று ஒப்புக்கொள்வேன், அப்போது எத்தனை ரூபாய் போகும். முடிந்ததும் எல்லாக் கட்டணமும் போக நிகரம். பத்து வணிகம் எதையும் சொல்லாது என்பதை மேலே பார்த்தோம். இருநூறு வணிகத்துக்கு மேல் குறிப்பேடு பேசத் தொடங்கும். எந்தத் தொகை போனால் நிறுத்துவேன் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதி, வீட்டில் ஒருவரிடம் காட்டிவிட வேண்டும்.

இதையெல்லாம் தனிமனிதரின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. 2024 நவம்பரில் செபி ஒப்பந்த அளவைக் குறைந்தது 15 லட்சமாக உயர்த்தியது. வாராந்தர எக்ஸ்பைரியை ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சுக்கும் ஒரு குறியீட்டோடு நிறுத்தியது. 2023 ஜூலையிலிருந்து தரகு நிறுவனங்களின் செயலியைத் திறந்ததும் 'பத்தில் ஒன்பது பேர் நஷ்டப்படுகிறார்கள்' என்ற எச்சரிக்கை தெரிகிறது. படிப்பவர் ஒவ்வொருவரும் தம்மைப் பத்தாவது ஆளாக நினைத்துக்கொண்டு அதைத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார். அதே இடத்தில் அவருடைய சொந்த எண்ணைக் காட்டலாம். கணக்குத் தொடங்கிய நாளிலிருந்து எல்லாத் தரகும் வரியும் போக இதுவரை நிகர லாபமா, நஷ்டமா, எத்தனை ரூபாய். அதே பணம் அதே நாட்களில் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் இருந்திருந்தால் இன்று எவ்வளவு. அஞ்சலக வைப்பில் இருந்திருந்தால் எவ்வளவு. மூன்றே வரி. தரவு முழுவதும் தரகு நிறுவனத்தின் சர்வரில் இப்போதே இருக்கிறது, புதிதாக எதையும் சேகரிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நாள் காலையும், முதல் ஆர்டர் போடும் பொத்தானுக்கு மேலே, தமிழில் கேட்டவருக்குத் தமிழிலேயே அந்த மூன்று வரியைக் காட்டச் சொல்லி செபி ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும்.